சரியாக இருந்த முப்பத்தெட்டுப் படிவங்கள்

முப்பத்தெட்டுப் படிவங்களிலும் ஒரு பிழைகூட இல்லை. அதுதான் பதிவாளரை உட்கார விடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குள் அவள் அந்தக் கட்டை மூன்று முறை புரட்டிவிட்டாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். ஜன்னலைத் திறந்தாள். பக்கத்துக் கட்டடத்தின் ஏசி இயந்திரங்கள் முகத்தில் வெக்கையை ஊதின. மூடினாள். நாட்டின் மத்திய வங்கியில் பங்குதாரர் பதிவேடு வைத்திருக்கும் அறை அது. மூன்றாவது மாடியின் கோடியில், கழிப்பறைக்கு முந்திய கதவு. இருபத்தாறு வருஷமாக அவள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் எட்டு மாதம் உட்கார்ந்தால் ஓய்வூதியம்.

மத்திய வங்கி என்றால் அரசாங்கத்துடையது என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த நாட்டில் அது முழு உண்மை இல்லை. வங்கியைத் தொடங்கியபோது அரசின் கஜானாவில் காற்றுதான் இருந்தது. அதனால் பங்கு போட்டு விற்றார்கள். கடைக்காரர்களும் டாக்டர்களும் கப்பல் கம்பெனி குமாஸ்தாக்களும் வாங்கினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் இப்போது பதிவேட்டில் இருந்தார்கள்: ஒரு பல் டாக்டர், ஒரு கண்டக்டரின் மனைவி, ஏழு பங்குக்காகப் பதினொரு வருஷமாகப் பேசிக்கொள்ளாத மூன்று சகோதரர்கள். வருஷத்துக்கு ஒருமுறை கிடைக்கும் ஈவுத்தொகை சட்டப்படி மாறாதது. அதில் ஒரு ஜோடி செருப்பு வாங்கலாம். நல்ல செருப்பாக இருக்காது.

ஆனால் செருப்பைவிடப் பெரிய ஒன்று அவர்களிடம் இருந்தது. வங்கியின் ஒன்பது இயக்குநர்களில் ஆறு பேரை அரசு நியமிக்கும். மூன்று பேரை ஆண்டுக் கூட்டத்தில் பங்குதாரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். எவரும் தன் பேரிலோ பிறர் பேரிலோ ஐயாயிரம் பங்குக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். கூட்டத்துக்கு இருநூறு பேர் வந்தால் அதிகம். ஓய்வு பெற்ற ஒரு பொறியாளர் ஆண்டு தவறாமல் எழுந்து, “இந்த பேங்க் யாருது?” என்று கேட்பார். “மக்களுடையது” என்று ஆளுநர் சொல்வார். கை தட்டுவார்கள். பிறகு எல்லோரும் சாப்பிடப் போவார்கள்.

இந்த வருஷக் கூட்டம் வெள்ளிக்கிழமை. புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு அவள் பதிவேட்டை முடித்து, “இவர்களே ஓட்டுரிமை உள்ளவர்கள்” என்று கையெழுத்திட வேண்டும். அதற்காகத்தான் கிளைகளிலிருந்து வந்த பங்கு மாற்றுப் படிவங்களை மொத்தமாக எடுத்துப் பார்த்தாள்.

அந்தப் படிவத்தில் ஒரு பிழை உண்டு. இருபது வருஷத்துக்கு முன் அச்சகத்தில் நேர்ந்தது. விற்பவரின் விவரங்களுக்குக் கீழே இருக்கும் கட்டத்தில் ‘வாங்குபவர் கையெழுத்து’ என்றும், வாங்குபவரின் விவரங்களுக்குக் கீழே ‘விற்பவர் கையெழுத்து’ என்றும் தலைப்புகள் இடம் மாறி விழுந்துவிட்டன. மூட்டை மூட்டையாக அச்சாகிவிட்டது. தீரட்டும், அப்புறம் மாற்றலாம் என்றார் அன்றைய ஆளுநர். அவர் போய், அவருக்குப் பின் நான்கு பேரும் போயாயிற்று. போன வருஷம் ஒருவழியாகக் கட்டு தீர்ந்தபோது, புதிது வரும்வரை நகல் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று சுற்றறிக்கை வந்தது. பிழைக்கு மறுபிறவி கிடைத்தது.

ஆகவே வெளியே இருப்பவர் எவரானாலும், படித்தவர் படிக்காதவர் எல்லோரும், தலைப்பைப் பார்த்து எதிர்க் கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். படிவம் அவளிடம் வரும். சரியான இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுத் திருப்பி அனுப்புவாள். குறி மேல் கையெழுத்து விழுந்து மறுபடி வரும். அந்தக் குறியால் வந்ததுதான் வங்கியில் அவளுக்கு வழங்கிய பட்டப்பெயர்: பென்சிலம்மா.

ஆண்டுக் கூட்டத்து அழைப்பிதழ்க் கட்டுகளோடு தபால் பிரிவுக் குமாஸ்தா உள்ளே வந்தார். வங்கியில் அவளுக்கு இருந்த ஒரே நண்பர். வாயை மூட மாட்டார்.

“என்ன பென்சிலம்மா, கூண்டுல அடைச்ச புலி மாதிரி நடக்கறீங்க?”

“நாலு மாசத்துல பதினோரு கிளைலேருந்து முப்பத்தெட்டு படிவம் வந்திருக்கு. ஒண்ணுகூடத் திருப்பி அனுப்பற மாதிரி இல்ல.”

“நல்லதுதானே? எனக்குத் தபால் தலை மிச்சம்.”

“இதுக்கு முன்னாடி எப்பவாவது ஒரே தடவைல சரியா வந்த படிவம் உங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

குமாஸ்தா கட்டுகளைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். “ஒண்ணே ஒண்ணு. கண்ணு தெரியாத ஒரு பெரியவர். அவர் தலைப்பைப் படிக்கல, கை போன இடத்துல போட்டார்.”

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவள் சிரிக்கவில்லை. முப்பத்தெட்டுப் பேரும் ஆளுக்கு ஐயாயிரம் பங்கு வாங்கியிருந்தார்கள். ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. வாங்கியவர்களின் தொழிலைப் பார்த்தாள். டிரைவர். காவலாளி. தையற்காரி. லாரி ஆபீஸ் எழுத்தர். யார் வேண்டுமானாலும் பங்கு வாங்கலாம்; அதில் குற்றமில்லை.

மேலே இருந்த படிவத்தை வெளிச்சத்தில் சாய்த்தாள். கையெழுத்துக்கு அடியில் மங்கலாக ஒரு குறி தெரிந்தது. கிளையில் யாரோ பென்சிலால் போட்டிருக்கிறார்கள், அதனால்தான் சரியாக வந்திருக்கிறது என்று ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. ரப்பரை எடுத்துத் தேய்த்தாள். கையெழுத்தின் மை லேசாகக் கலங்கியது. குறி அழியவில்லை.

அடுத்த படிவத்தைத் தேய்த்தாள். அதுவும் அழியவில்லை. அது பென்சில் இல்லை. பென்சிலின் நகல். யாரோ குறி போட்ட ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்து, குறியோடு சேர்த்து நகல் எடுத்திருக்கிறார்கள்.

பூதக்கண்ணாடியை எடுக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவளுக்கு இடது கைப் பழக்கம். இரண்டாவது கோட்டை இழுத்து முடிக்கும்போது தூண்டில் முள் மாதிரி ஒரு வளைவு விழும். பள்ளியிலிருந்தே விழுகிறது. முப்பத்தெட்டுப் படிவங்களிலும் அந்த முள் இருந்தது.

வெற்றுப் படிவத்தில் அவள் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் குறி போட்டிருக்கிறாள். போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசை. “உங்க அண்ணி பேர்ல ஒரு நூறு பங்கு வாங்கிப் போடலாம்னு பாக்கறேன் பாப்பா. எங்க கையெழுத்துன்னு குறி போட்டுக் குடு, அலைய விடாதே” என்று அண்ணன் ஒரு படிவத்தை நீட்டினான். காது மேல் செருகியிருந்த பென்சிலை எடுத்து இரண்டு குறி போட்டுக் கொடுத்தாள்.

கட்டைத் திருப்பினாள். இருபத்தேழாவது படிவத்தில் அண்ணியின் பெயர் இருந்தது. ஐயாயிரம் பங்கு.

அண்ணன் இருபது வருஷமாக சிமெண்ட்காரரின் அலுவலக மேலாளர். சிமெண்ட்காரருக்கு ஆலை இருந்தது, லாரிகள் இருந்தன, ஆறு வருஷமாகச் சொந்தமாக ஒரு வங்கியும் இருந்தது. அந்த வங்கியில் மத்திய வங்கியின் ஆய்வாளர்கள் ஒரு வருஷமாக உட்கார்ந்து தோண்டிக்கொண்டிருந்தார்கள். அதை மூடுவதா விடுவதா என்று அடுத்த மாதம் இயக்குநர் குழு முடிவு செய்யும். ஒன்பது பேர். அரசு நியமித்த ஆறு பேரில் இரண்டு பேர் யார் பக்கம் என்று லிஃப்ட் இயக்குபவருக்குக்கூடத் தெரியும். இந்த முப்பத்தெட்டுப் பேரின் ஓட்டில் பங்குதாரர்களின் மூன்று நாற்காலியும் அவருடைய ஆட்களுக்குப் போகும். இரண்டும் மூன்றும் ஐந்து.

துணை ஆளுநரின் அறைக்குப் படியேறிப் போனாள். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை.

துணை ஆளுநர் இஸ்திரி கலையாத மனிதர். அடுத்த ஆளுநர் அவர்தான் என்று பேச்சு இருந்தது. கட்டை வாங்கிப் பார்த்தார்.

“உட்காருங்க மேடம். படிவம் தப்புன்னு வந்து நிப்பாங்க. சரியா இருக்குன்னு புகார் பண்ண வந்த முதல் ஆள் நீங்கதான்.”

“எல்லாம் அஞ்சாயிரம் சார். வாங்கினவங்களைப் பாருங்க. டிரைவர், தையற்காரி...”

“டிரைவர் பங்கு வாங்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?”

“இல்ல சார்.”

“அப்புறம்?”

அப்புறம் என்னவென்று அவளுக்குத் தெரியும். அதைச் சொன்னால் குறி யாருடையது என்றும் சொல்ல வேண்டும்.

துணை ஆளுநர் கட்டை அழகாகத் தட்டி அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். “விதி பதினாலு உங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியும். சந்தேகம்னா காரணத்தை எழுதுங்க. காரணம் எழுத முடியலன்னா பதிவேட்டுல கையெழுத்துப் போடுங்க. நடுவுல நிக்கறதுக்கு இடம் இல்ல, மேடம். உங்களுக்கு எட்டு மாசம்தான் இருக்கு, இல்லையா?”

விதி பதினான்கு எளிமையானது. பதிவாளருக்குச் சந்தேகம் வந்தால் பங்குதாரரை நேரில் வரவழைத்து, இது யார் பணத்தில் வாங்கியது என்று கேட்கலாம். வந்து பதில் சொல்லும்வரை அவர் ஓட்டு நிற்கும். “என் பணம்” என்று எழுதிக் கையெழுத்திட்டால் ஓட்டு திரும்பிவிடும். ஒருவராவது “இன்னொருவர் பணம்” என்று சொல்லிவிட்டால், அந்த இன்னொருவரின் பெயர் பதிவேட்டில் ஏறும். சந்தேகத்தில் சேர்த்தெழுதிய எல்லோருடைய ஓட்டும் விசாரணை முடியும்வரை நிற்கும். அவள் காலத்தில் யாரும் இந்த விதியைத் தொட்டதில்லை. ஏனென்றால் சந்தேகத்தின் காரணத்தைப் பதிவேட்டிலேயே மையால் எழுத வேண்டும். அழைப்போடு அதன் நகலையும் அனுப்ப வேண்டும். இங்கே இருந்த ஒரே காரணம் அவளுடைய குறி.

அவள் குடியிருந்தது அண்ணன் வீட்டு மாடியில். தப்பித்துப் போக வேறு வாசல் இல்லாத வீடு. கூடத்தைத் தாண்டித்தான் மாடிப்படி. அன்று மாலை அவள் படியேறவில்லை. அண்ணி சோபாவில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் ஆறரை மணிக்கு வந்து, காலுறையைக்கூடக் கழற்றாமல் டிவியைப் போட்டான். அவள் அணைத்தாள்.

“அண்ணா, நான் குறி போட்டுக் குடுத்தேனே அந்தப் படிவம், எத்தனை நகல் எடுத்தே?”

அண்ணன் ரிமோட்டைப் பக்கத்தில் வைத்தான். “எல்லாம் ஒழுங்கா இருக்கணும்னுதான் எடுத்தேன். திரும்பித் திரும்பி வந்தா உனக்குத்தானே வேலை?”

“எனக்கு வேலை மிச்சம் பண்ணவா முப்பத்தெட்டு பேர் பேர்ல பங்கு வாங்கினே?”

“நான் எங்க வாங்கினேன்? முதலாளியும் வாங்கல. அவங்கவங்க வாங்கினாங்க. பேப்பர்ல அப்படித்தான் இருக்கு. பேப்பரைப் படிக்கறதுதானே உன் உத்தியோகம்?”

“டிரைவருக்கு ஏதுண்ணா அவ்வளவு பணம்?”

“பாரு பாப்பா. அந்த மூணு நாற்காலியை எவனும் சீந்தறதில்ல. போன தடவை யாரு வந்தா? ஒரு பல் டாக்டர், ரெண்டு ரிட்டயர் ஆனவங்க. மூணு வருஷமா அங்க போய் என்ன கிழிச்சாங்க? பிஸ்கெட் தின்னாங்க.”

“அவங்க பிஸ்கெட் தின்னா நாட்டுக்குப் பிஸ்கெட்தான் நஷ்டம்.”

அண்ணி மடித்த துணியை மடியில் வைத்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “யாருக்கு யாரு பங்கு வாங்கினது?”

“உங்க பேர்லயும் அஞ்சாயிரம் இருக்கு அண்ணி.”

“என் பேர்லயா? நாட்டோட பேங்க்லயா?” அண்ணி சிரித்தாள். “என் பேர்ல ஒரு சிம் கார்டுகூட இல்லையேடி! மழை பெஞ்ச அன்னிக்கு ஒரு காகிதத்துல போடச் சொன்னார், போட்டேன். இன்சூரன்ஸ்னு நெனச்சேன்.” யாரும் கூடச் சிரிக்காததைப் பார்த்துத் தானும் நிறுத்தினாள். “ஏங்க, இன்சூரன்ஸ்தானே?”

“நீ உள்ள போ” என்றான் அண்ணன்.

அண்ணி போகவில்லை. துணியை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள்.

அண்ணன் குரலைத் தாழ்த்தினான். “அவர் பேங்க்ல எண்ணூறு பேர் வேலை பாக்கறாங்க. மூடினா எண்ணூறு குடும்பம் தெருவுல. அதை யோசிச்சியா?”

“மூடாம இன்னும் ரெண்டு வருஷம் விட்டா அதுல பணம் போட்டவங்க எத்தனை குடும்பம்? அதை எண்ணறதுக்குத்தான் எங்க ஆளுங்க ஒரு வருஷமா உக்காந்திருக்காங்க.”

“அப்பா போனதும் உன் ஃபீஸ் கட்டறதுக்காக நான் காலேஜை விட்டேன். ஒருநாளாவது சொல்லிக்காட்டி இருக்கேனா?”

“இப்ப காட்டிட்டே.”

அவன் முகம் சுருங்கிப் போயிற்று. அறுபத்தாறு வயது முகம். அவளுக்கு உடனே சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் அவன் முந்திக்கொண்டான்.

“எழுதறதுன்னா எழுது. ஆனா முதல்ல உன் பேரைத்தான் எழுதணும். குறி என்னுது இல்ல பாப்பா.”

மறுநாள் காலை வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பினாள். கூடத்தில் யாருடைய முகத்திலும் விழிக்க விருப்பமில்லை. பேருந்தில் உட்கார இடம் இருந்தும் நின்றாள். இரண்டு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி நடந்தாள். வழியில் சிமெண்ட்காரருடைய வங்கியின் கிளை ஒன்று இருந்தது. இன்னும் திறக்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். ஒரு நர்ஸ் சீருடையோடு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. ஒருவர் கையில் சைக்கிள் டியூப். மற்ற இடங்களைவிட ஒன்றரை சதவீதம் அதிக வட்டி என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தது. அந்த ஒன்றரை எங்கிருந்து வருகிறது என்று ஆய்வாளர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் தேடவில்லை; அவள் டெபாசிட் ரசீதைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும்.

அலுவலகத்தில் நேரம் நத்தையாகவும் ஊர்ந்தது, குதிரையாகவும் ஓடியது. முதலில் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிப் பார்த்தாள். ‘வாங்கியவர்களின் வருமானம் குறித்த ஐயத்தால்...’ அடித்தாள். ஏழையாக இருப்பது காரணம் ஆகாது. ‘படிவங்கள் அனைத்தும் பிழையின்றி இருப்பதால்...’ படிக்கவே சிரிப்பு வந்தது. ‘ஒரே மூலப் படிவத்திலிருந்து நகல் எடுக்கப்பட்டதாகத் தெரிவதால்...’ இது பரவாயில்லை என்று பேனாவை எடுத்தாள். எப்படித் தெரிந்தது என்று முதல் கேள்வி வரும். இரண்டாவது கேள்விக்கு அவள் பெயர்தான் பதில். சுற்றிச் சுற்றி வந்தாலும் வழி ஒரே வாசலில் போய் நின்றது.

பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டால்? வெள்ளிக்கிழமை பொறியாளர் எழுந்து கேட்பார். ஆளுநர் பதில் சொல்வார். கை தட்டுவார்கள். வங்கி யாருடையது என்பது ஊரில் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கும்: சிமெண்ட்காரருக்கும் அவளுக்கும். அண்ணனோடு மூன்று.

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. பதிவேட்டைத் திறந்தாள். பேனாவை எடுத்து எழுதினாள்: ‘இந்த முப்பத்தெட்டுப் படிவங்களும் குறியிடப்பட்ட ஒரே வெற்றுப் படிவத்தின் நகல்கள். அந்தக் குறி என் கையால் இடப்பட்டது. அதை என் அண்ணனிடம் நான் கொடுத்தேன். இன்னதற்கு என்று அப்போது எனக்குத் தெரியாது. பதிவாளர்.’

தபால் குமாஸ்தாவைக் கூப்பிட்டு முப்பத்தெட்டு அழைப்புகளையும் கொடுத்தாள். அவர் ஒன்றைப் படித்தார்.

“கடைசி வரி தேவையா பென்சிலம்மா?” என்றார். “தெரியாதுன்னு சொன்னா யார் நம்புவா?”

“நம்பாட்டிப் போறாங்க. அது நிஜம்.”

“ரெண்டு வேன் இருக்கு. ராத்திரிக்குள்ள குடுத்துடலாம். வெளியூருக்குக் கிளை மேனேஜருங்க.” கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு போனார்.

அரை மணி நேரத்தில் துணை ஆளுநரே மூன்றாவது மாடிக்கு இறங்கி வந்தார். அந்த அறைக்கு அவர் வந்ததே இல்லை. எந்தக் கதவு என்று தெரியாமல் முதலில் கழிப்பறையைத் திறந்த சத்தம் கேட்டது.

“இந்தப் பக்கத்தை எடுத்துட முடியாதா?”

“பக்கத்துக்கு எண் இருக்கு சார்.”

“உங்களை இடைநீக்கம் பண்ண வேண்டியிருக்கும். எனக்கு வேற வழியே நீங்க வைக்கல.”

“பண்ணுங்க சார். ஆனா நாளைக்கு சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் கேள்வி கேக்கறது பதிவாளர்தான்னு விதில இருக்கு. ஆறு மணிக்கு மேல பண்ணுங்க.”

அவர் அவளை உற்றுப் பார்த்தார். கோபமா, மரியாதையா என்று சொல்ல முடியவில்லை. ஒருவேளை, ஆளுநர் நாற்காலிக்கு எது நல்லது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கலாம்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டார்கள். நடைபாதையில் வரிசையாக நின்றார்கள். முதலில் டிரைவர். புதுச் சட்டை, காலரில் அட்டை இன்னும் இருந்தது. அவள் கேட்டாள். அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார்: “என் சொந்த சேமிப்பில் இருந்து வாங்கினேன்.”

காவலாளியும் அதையே சொன்னார். தையற்காரியும் அதையே சொன்னாள். எழுத்தர் சொல்லி முடித்துவிட்டு, “வேற ஏதாவது சொல்லணுங்களா?” என்று கேட்டார். ஒரே வாக்கியம், நகல் எடுத்த மாதிரி. அவள் ஒவ்வொன்றையும் எழுதினாள். எழுதத்தான் விதி அனுமதித்தது. நம்பாமல் இருக்க அனுமதிக்கவில்லை. ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஐயாயிரம் ஓட்டு சிமெண்ட்காரரிடம் திரும்பிப் போனது. ஐந்து மணிக்கு முப்பத்தேழு முடிந்துவிட்டது. தன் பெயரைக் காவு கொடுத்து அவள் வாங்கியது முப்பத்தேழு பொய் வாக்குமூலம். நாற்காலியிலிருந்து எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

ஐந்து பத்துக்கு அண்ணி வந்தாள். கல்யாணத்துக்குப் போவது போல உடுத்தியிருந்தாள். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“இவ்வளவு சின்ன ரூமா உனக்கு? நான் பெரிசா நெனச்சிருந்தேன்.”

“உக்காருங்க அண்ணி.”

“உங்கண்ணன் கீழ கார்ல இருக்கார். வழியெல்லாம் சொல்லிக் குடுத்தார். மூணு தடவை திருப்பிச் சொல்ல வச்சார், ஸ்கூல் பிள்ளை மாதிரி.”

பதிவாளர் பேனாவைத் திறந்தாள். “உங்க பேர்ல அஞ்சாயிரம் பங்கு இருக்கு. அது யாருடைய பணத்துல வாங்கினது?”

அண்ணி கைப்பையை மடியில் வைத்தாள். “நான் என்ன சொன்னா உனக்கு நல்லது?”

“எனக்கு நல்லதை நான் கேக்கல அண்ணி.”

“அவருக்கு?”

கீழே ஹாரன் ஒருமுறை அடித்தது. யாருடைய ஹாரன் என்று இருவருக்கும் தெரிந்தது.

“நேத்து நீ அனுப்பின காகிதத்தை என்கிட்ட வீசினார்” என்றாள் அண்ணி. “பாரு, கூடப்பிறந்தவ பண்ணின காரியத்தைன்னு. அவருக்குக் கோவம். நான் படிச்சேன். எழுத்துக் கூட்டித்தான் படிச்சேன். நீ உன் பேரை முதல்ல எழுதியிருந்தே. அவர் பேர் ரெண்டாவது. என்னைப் பத்தி எங்கயும் தப்பா எழுதல.” கைப்பையின் பூட்டைத் திறந்து மூடினாள். “நாப்பது வருஷம் ஆச்சு. எதையாவது எனக்குன்னு வாங்கினா முதல்ல எங்கிட்டத்தானே சொல்லுவாங்க? சொல்லாம வாங்கினது எப்படி என்னுதாகும்?”

“அப்ப யாருது அண்ணி?”

“முதலாளி பணம். நாலு கவர் வந்துது. நான்தான் டீ குடுத்தேன், கொண்டு வந்த பையனுக்கு.”

பதிவாளர் எழுதினாள். ஒவ்வொரு சொல்லையும் சொன்னபடியே எழுதினாள், டீயையும் விடவில்லை. தாளைத் திருப்பி வைத்தாள்.

“அவருக்கு வேலை போயிடும், இல்ல?” என்றாள் அண்ணி.

“போகும்.”

“உனக்கும்?”

“தெரியல.”

“நல்ல குடும்பம்.” அண்ணி மூக்கை உறிஞ்சிவிட்டுப் பேனாவை எடுத்தாள். “எங்க போடணும்? ஒரு குறி போட்டுக் குடு.”

பென்சில் வழக்கம்போல் காது மேல்தான் இருந்தது. கை பாதி தூரம் போயிற்று. கீழே இறக்கினாள்.

“இல்ல அண்ணி. முழுசாப் படிச்சுட்டு, நீங்களே பாத்துப் போடுங்க.”

அண்ணி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். உதட்டை அசைத்து, விரலை வரிக்கு அடியில் நகர்த்திப் படித்தாள். பாதியில் நின்றுபோய் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். கீழே ஹாரன் இரண்டு முறை, பிறகு நீளமாக ஒருமுறை. அவள் நிமிரவில்லை. கடைசி வரியில் விரல் நின்றது. கையெழுத்துப் போட்டாள், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, எழுத்து எழுத்தாக.

ஆறு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது தபால் குமாஸ்தா துணை ஆளுநர் அனுப்பிய ஒரு நீளக் கவரோடு வாசலில் வந்து நின்றார்.

“இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு” என்றாள் அவள்.

அண்ணியும் குமாஸ்தாவும் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார்கள். பதிவாளர் பதிவேட்டில் சிமெண்ட்காரரின் முழுப் பெயரை எழுதி, முப்பத்தெட்டு எண்களையும் ஒரே அடைப்புக்குள் கொண்டுவந்து ‘ஓட்டு நிறுத்தம்’ என்று எழுதி, மூடி, பூட்டி, சாவியைக் குமாஸ்தாவின் பக்கம் தள்ளினாள். அவர் உள்ளே வந்து கவரையும் பெற்றுக்கொண்டதற்கான சீட்டையும் வைத்தார். சீட்டில் இரண்டு கட்டங்கள் இருந்தன. அவள் இரண்டு தலைப்புகளையும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டாள்.

“கார் நிக்கற பக்கம் போகாம இறங்கறதுக்கு வேற படி இருக்கா?” என்று அண்ணி கேட்டாள்.

“பின்னாடி இருக்கு. குப்பைத் தொட்டிப் பக்கம்.”

“வீட்டுக்கு எப்படியும் போய்த்தானே ஆகணும்.”

“ஆமா.”

“பஸ்ஸா?”

“பஸ்தான் அண்ணி. ரெண்டு மாறணும்.”

அண்ணி கைப்பையில் சில்லறையைத் தேடினாள். கீழே ஹாரன் மறுபடி அடித்தது.